பென்சில் கோடு போட்ட கதை

வல்லம் வடகால்,
ஆவணி பத்து, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு, அப்பா மகாராஜா சொல்லச் சொல்ல, ஹாஸ்டலில் உன் பழைய ரூமில் இருக்கும் சுகப்பிரியா எழுதுகிற கடிதம். நான் நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். அவள் அதைப் புத்தகத் தமிழாக்கிக்கொண்டே போகிறாள். இது அப்பா சொன்னதுதானா என்று உனக்குச் சந்தேகம் வந்தால், மூன்று வயதில் நீ மூக்குக்குள் போட்டுக்கொண்ட புளியங்கொட்டையை நினைத்துக்கொள். அதை எடுத்தது கம்பவுண்டர் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொன்னாள். எடுத்தது நான்.

நான் சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. குஜராத்தில் குழம்பில்கூடச் சீனி போடுகிறார்கள் என்றாயே, இன்னும் அப்படித்தானா? புதுப் பிள்ளைகளுக்குப் போன் கம்பெனி லைன் வேலை சொல்லிக் கொடுக்கப் போனவள், அவர்களுக்கு முன்னால் பட்டினி கிடக்காதே. போனில் கேட்டால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுகிறாய். உனக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம் எனக்கு ஹாஸ்டல் கேட் டியூட்டி தொடங்கிவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

புத்தக விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பெருந்தேவி அம்மா, உன் நோட்டில் உள்ள பதினோரு கதைகளையும் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். அடிப்பதற்கு முன்பே சுகப்பிரியா ஒரு நாளைக்கு ஒன்றாக எனக்குப் படித்துக் காட்டினாள். நான் கேட் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். பால்காரன் வந்தாலும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டேன்.

ஹாஸ்டல் முதலாளி வெங்கடேசனுக்கு எப்படியோ சேதி போயிருக்கிறது. வந்து நின்று, 'இன்னா மகாராஜா, உன் கோட்டையில புலவரு ஒருத்தரு கீறாராமே?' என்றார். நான் சிரித்தேன். கொஞ்சம் கிட்ட வந்து குரலை இறக்கி, 'தண்ணி டேங்க் மேட்டரு எழுதிக்கீதா உன் பொண்ணு?' என்று கேட்டார். எழுதியிருக்கிறது முதலாளி, புழுவோடு சேர்த்து என்றேன். மறுநாளே டேங்க் கழுவ ஆள் வந்துவிட்டான். புத்தகம் வருவதற்கு முன்பே இந்த ஹாஸ்டலுக்கு ஒரு நன்மை நடந்துவிட்டது என்று எழுதிக்கொள்.

போன வியாழக்கிழமை சென்னைக்குப் போய், நீ சொன்ன பதிப்பாளரைப் பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். வேண்டாம் பெரியவரே, அப்படியே வாங்க என்றார். நல்ல மனிதர்தான். காபி சொன்னார். சுவர் தெரியாமல் புத்தகம். பத்து நாளுக்கு முன்பே கூரியரில் போன உன் கதைகள் அவர் மேசையில் இருந்தன. முழுக்கப் படித்துவிட்டதாகச் சொன்னார். 'ஒவ்வொரு வரியும் கண்ணீர் ஐயா' என்றார். அடிக்கிற செலவு அறுபத்தைந்தாயிரம் நம் பொறுப்பு. முந்நூறு பிரதி. அதில் ஐம்பது நமக்கு. மிச்சம் அவர் கடையிலும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியிலும் இருக்கும். தலைப்பும் அட்டையும் அவர் முடிவு.

நீ வைத்த 'லைன் நிற்காது' என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. 'நாற்றங்கால் நிலா' என்று ஒன்று வைத்திருக்கிறார். அட்டைக்கும் படம் எடுத்துக் காட்டினார். நாலு பொம்பளைகள் குனிந்து நாற்று நடுகிறார்கள். இந்தக் கதைகளில் வயலே வராதே, பிள்ளைகள் நீலக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு போன் மாட்டுகிறார்கள் என்றேன். 'அது சரி, ஆனா வாசகருக்கு இதுதான் பிடிக்கும்' என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. உன் 'தொப்பி' கதையில் அந்தப் பிள்ளை தொப்பிக்குள் எதை ஒளித்துக்கொண்டு லைனுக்குப் போனாள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். 'கண்ணீரை' என்றார். முறுக்கு அய்யா, முறுக்கு என்றேன். சூப்பர்வைசர் தலையில் தட்டியதும் நொறுங்கிக் கழுத்துக்குள் இறங்கியதே, அந்த முறுக்கு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, 'நீங்க படிச்சீங்களா பெரியவரே?' என்றார். எனக்கு எழுத்துத் தெரியாது, காதால் கேட்டதுதான் என்றேன். அவர் எனக்கு இன்னொரு காபி சொன்னார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதச் சொல்லவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். அவரிடம் கடை இருக்கிறது, பெயர் இருக்கிறது. உனக்கும் அந்தப் பெயரின் மேல் ஓர் ஆசை இருக்கிறது என்று தெரியும். அதனால் வேண்டாம் என்று சொல்லாமல், மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

திரும்பும்போது பெருந்தேவி அம்மா கடையில் இறங்கினேன். நாமே அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். பக்கம் வடிவமைப்பது அவர் பொறுப்பு. புத்தகத்துக்கான நம்பர் அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைக்குமாம், எழுதிப் போட வேண்டும். இருநூறு பிரதி அடித்தால் பதிப்பாளர் கேட்டதில் பாதிகூட ஆகாது. 'ஆனா ஒண்ணு மகாராஜா. புஸ்தகம் வந்துடும், வாசகர் வரமாட்டார். அவாளை நீங்கதான் தேடிண்டு போகணும். எங்கப்பா கோயில் வரலாறு எழுதி சொந்தமா போட்டார். நூத்து நாப்பது காபி பரண்ல கிடக்கு. எங்காத்து எலிக்கெல்லாம் தல வரலாறு மனப்பாடம்' என்றார். சிரித்துவிட்டு, பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

ஆக, அங்கே போனால் ஆள் வருவார்கள், அட்டையில் நாற்று நடுவார்கள். இங்கே போட்டால் முறுக்கு முறுக்காகவே இருக்கும், எலி வரும். நீ யோசித்துச் சொல்.

இன்னொன்று. நீ நோட்டில் ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் எண் போட்டிருக்கிறாய். எனக்கு எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். 118ஐப் படித்த சுகப்பிரியா, மொத்தமாகப் புரட்டி 131க்குப் போனாள். கேட்டால் வெற்றுப் பக்கம் தாத்தா என்றாள். ஊதா மை தெரிந்ததே அம்மா என்றேன். தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இந்த இடத்தை எழுதச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இப்போதுதான் மறுபடி எடுத்திருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய்.

உன் அப்பா,
மகாராஜா (இடது கைப் பெருவிரல் ரேகை)

*

வல்லம் வடகால்,
புரட்டாசி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு பாண்டிச்செல்விக்கு, அப்பா.

சுகப்பிரியாவைத் திட்டாதே. முதல் கடிதம் கிடைத்ததும் நீ அவளுக்குப் போன் போட்டு, தாண்டிப்போன அந்தப் பக்கங்களை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே என்று அழுதாயாம். அவளும் சரிக்கா என்றாளாம். அதற்குள் அவள் படித்து முடித்து மூன்று நாள் ஆகியிருந்தது.

மெஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்து ஆள் இல்லாத நேரம். நான்தான் வற்புறுத்தினேன். 'வேண்டாம் தாத்தா, அக்கா குறுக்க கோடு போட்டு, மேல வேண்டாம்னு எழுதி வச்சிருக்காக' என்றாள். கோடு பேனாவில் போட்டிருக்கிறதா பென்சிலிலா என்று கேட்டேன். பென்சில் என்றாள். பேனாவால் எழுதுகிறவள் பென்சிலால் கோடு போட்டால், அழிக்க இடம் வைத்துத்தான் போட்டிருக்கிறாள், நீ படி என்றேன். படித்தாள். இரண்டு இடத்தில் வரியில் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தினாள். நான் அவசரப்படுத்தவில்லை.

உன் கதையில் இருக்கிற அந்த நாள், 2009இல் ஆனி நாலாம் தேதி, வியாழக்கிழமை. நீ பத்தாவதில் 461 எடுத்திருந்தாய். திருநெல்வேலியில் ஹாஸ்டலோடு பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னேன். திண்டுக்கல் பக்கத்து மில்லில் மூன்று வருடத்துக்கு உன்னை விடுவதாகப் புரோக்கர் பெருமாள்சாமியிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள் என்றான். அன்றைக்குக் காரணங்கள் இருந்தன. எல்லாம் நினைவிருக்கிறது. இன்றைக்கு ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. அந்தப் பணத்தில் நடந்த கல்யாணமும் நிற்கவில்லை.

டவுன் பஸ்ஸுக்கு நம்பர் உண்டு, நான் சமாளித்துக்கொள்வேன். வெளியூர் பஸ்ஸுக்குப் பெயர்ப் பலகைதான். நீ இரண்டாம் வகுப்பு படிக்கையிலிருந்தே அதை எனக்கு நீதான் படித்துச் சொல்வாய். ஏப்பா, இது சங்கரன்கோவில், ஏப்பா, இது சாத்தூர் என்று கையைப் பிடித்து இழுப்பாய். அன்றைக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நான் உன்னைக் கேட்கவில்லை. உன்னைத் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்திவிட்டு, பூக்காரம்மாவிடம் போய் ரகசியமாக எது மதுரை வண்டி என்று கேட்டு வந்தேன். என் புத்தியைப் பார். நான் கேட்காவிட்டால் உனக்குப் பலகை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். எழுத்துத் தெரியாதவனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

பதினாறு வருடமாக நான் நினைத்திருந்தது வேறு. பஸ்ஸில் ஏறியதும் நீ தூங்கிவிட்டாய், மில் கேட்டில் போய் நின்ற பிறகுதான் உனக்கு விஷயம் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். நீ எழுதியிருக்கிறாய்: 'பலகையில் மதுரை என்று இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஏறினேன். விழித்திருந்தால் அவர் பேச வேண்டியிருக்குமே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.' இந்த இடத்தில் சுகப்பிரியாவை நிறுத்தச் சொன்னேன். கேட்டுக்குப் போய், யாரும் வராமலே ஒரு தடவை திறந்து மூடிவிட்டு வந்தேன்.

கதையில் ஒரு தப்பு இருக்கிறது. நான் உனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். கோவில்பட்டி என்றதும் கை தானாக அப்படி எழுதியிருக்கும். அது காராச்சேவு. நூறு கிராம். தினத்தாள் பொட்டலம். மதுரையில் இறங்கியதும் நீ அதைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்து, 'நீங்க வச்சுக்கோங்கப்பா, திரும்பிப் போகையில பசிக்கும்' என்றாய். இதை நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. ஆனால் மதுரையிலேயே நீ 'திரும்பிப் போகையில' என்று சொன்னாயே, நான் தனியாகத்தான் திரும்புவேன் என்று உனக்கு அப்போதே எப்படித் தெரியும் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. சொல் அத்தனையும் என்னிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. அர்த்தம் மட்டும் உன் நோட்டில் இருந்திருக்கிறது.

அந்தப் பொட்டலத்தை ஊர் வரும்வரை நான் பிரிக்கவில்லை. வீட்டில் உன் அம்மா முப்பிடாதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

மில் கேட்டில் அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார் என்று முடித்திருக்கிறாய். அது சரிதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் திருத்தம் எதுவும் இல்லை.

அடுத்து ஒரு காரியம் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. கேட்காமல் செய்வது என் பழைய வியாதி. சுகப்பிரியாவுக்கு லீவு கிடைத்த அன்று அவளைக் கூட்டிக்கொண்டு பதிப்பாளரிடம் போனேன். இன்னொரு கதை இருக்கிறது, சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இந்தத் தடவை நிஜமாகவே முழுசாகக் கேட்டார், போன் அடித்தும் எடுக்கவில்லை. அந்த அப்பன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. 'ரொம்ப நல்ல கதை. ஆனா அப்பாவை இப்படி விட்டா வாசகர் தாங்கமாட்டார். மதுரையில மனசு மாறி, பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டு வந்து ஸ்கூல்ல சேக்கற மாதிரி மாத்திடலாம். நம்ம ஆளு இருக்கார், எழுதிடுவார்' என்றார்.

அப்படி மாற்ற முடியுமா அய்யா என்று கேட்டேன். 'ரெண்டு பக்க வேலை பெரியவரே' என்றார்.

பாண்டிச்செல்வி, உன்னிடம் மறைக்கமாட்டேன். எனக்கு ஆசை வந்தது. மதுரை பஸ் ஸ்டாண்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்கிற திருநெல்வேலி வண்டியில் ஏறுகிற அப்பன் ஒருவன், புத்தகத்திலாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. காபி ஆறும்வரை அந்த வண்டியில் நான் உன்னோடு உட்கார்ந்திருந்தேன். சாத்தூர்கூடத் தாண்டிவிட்டோம். பிறகு சுகப்பிரியா என் முகத்தைப் பார்த்து, 'தாத்தா, போகலாமா' என்றாள்.

வெளியே வந்ததும் எனக்குத் தெளிந்துவிட்டது. பணமும் உன்னுடையது, பாடும் உன்னுடையது, போகிற இடத்தை மட்டும் இன்னொருவர் முடிவு செய்கிறார். அது மில்லுக்கு நான் செய்த அதே ஏற்பாடுதான். அதில் உன்னை இன்னொரு தடவை ஏற்றிவிட எனக்கு மனம் இல்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நானும் அன்றைக்குக் கெட்டது என்று நினைத்துச் செய்யவில்லை.

சொந்தமாகப் போட்டால் பரணில் கிடக்குமே என்று நீ கேட்பாய். அதற்கும் யோசித்தேன். இந்த ஹாஸ்டலில் நூற்று நாற்பது பிள்ளைகள். இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலிலும் மண்ணூரிலும் இவர்களின் சினேகிதிகள் இருக்கிறார்கள். சுகப்பிரியா அவர்கள் வாட்ஸப் குரூப்பில் தொப்பி கதையைப் படித்துக் குரலாகப் போட்டிருக்கிறாள். யாரோ ஒரு பிள்ளை, 'ஏய், அது என் முறுக்குடி' என்று சண்டைக்கு வந்திருக்கிறது. கண்ணீர் என்று சொன்னவரிடம் இப்படி யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். புத்தகக் கட்டுகளை என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். காவல்காரன் கட்டிலுக்கு அடியில் எலி வராது. யார் வாங்கினார்கள், யார் இன்னும் படிக்காமல் ஏய்க்கிறார்கள் என்று சொல்ல எனக்கு நோட்டு வேண்டாம், முகம் போதும். பெருந்தேவி அம்மாவும், 'பன்னெண்டாவது கதையை நான் காசு வாங்காம அடிச்சுத் தரேன்' என்று சொல்லிவிட்டார்.

இது என் அபிப்பிராயம் மட்டும்தான். பெரிய பெயர் வேண்டும், கண்காட்சியில் உன் புத்தகம் நிற்க வேண்டும் என்று நீ நினைத்தால், அதுவும் நியாயம்தான். அங்கேயே கொடு. நாற்று நடுகிற பொம்பளைகள் அட்டையில் இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. எனக்காக அந்தக் கதையை எடுக்காதே. எனக்காக அதை மாற்றவும் விடாதே. நீ ஒரு தடவை எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டாய். அது போதும்.

காராச்சேவை மட்டும் திருத்து. நீ பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்ததை எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. அந்தக் கதையை நீயே எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இரண்டு வண்டியும் நிற்கிறது. நான் வேறு யாரையும் கேட்கப்போவதில்லை. இந்தத் தடவை பலகையை நீ படித்துச் சொல், தாயி. நீ சொல்கிற வண்டியில் நான் ஏறிக்கொள்கிறேன்.

உன் கை எழுதியது எதுவும் அழியாமல் இருக்கட்டும்.

உன் அப்பா,
மகாராஜா (இடது கைப் பெருவிரல் ரேகை)